மேட்டில் ஏறிய படகு

அறியாததை அறியேன் என்று சொல்லத் துணியாதவன் கிணற்றடியில் நின்றே தாகத்தால் வாடுவான். இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கொக்குவில் கனகலிங்கம் மாஸ்டரே நமக்காகப் போய்வந்தார்.

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான அவர், மனைவி அருந்ததியோடு, மகள் தக்சாயினி வாழும் வட இங்கிலாந்தின் பழைய ஆலை நகருக்கு ஒரு மாதம் சென்றிருந்தார். திரும்பியதும் 'நான் கண்ட கால்வாய் நகர்' என்று சொற்பொழிவாற்றுவதாக ஊர் வாசிகசாலைக்கு முன்னரே வாக்களித்திருந்தார்.

நகரமோ விந்தையாயிருந்தது. புகைபோக்கி இருந்தது, புகை இல்லை. பஞ்சாலை இருந்தது, உள்ளே கோப்பிக்கடை. முன்பு நிலக்கரி சுமந்த கால்வாயில் பூச்சாடி சுமந்த படகுகள். ஆறே காணாத யாழ்ப்பாணத்துக் கண்கள் இமைக்க மறந்தன. ஆனால் ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பள்ளத்திலிருந்து மரக்கதவுகளுக்கிடையே நுழைந்த படகு, கால்மணி நேரத்தில் மேட்டுக் கால்வாயில் மிதந்தது!

"அடியில மோட்டர் பூட்டியிருக்கினம்," என்றார்.

"மோட்டரோ? உந்தப் படகுக்கார மனிசி முதுகால கதவு தள்ளுறது கண்ணில படேல்லையே?" அருந்ததி சிரித்தாள். உடுவில் வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிவிட்டு வளர்ந்தவள் அவள்.

"உமக்கு விளங்கினதோ?"

"ஓம்."

"எங்கை, சொல்லும் பாப்பம். பிழையெண்டால் திருத்திறன்."

"ஐயோ! அதிபருக்கு நான் படிப்பிக்கிறதோ? நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

பதினைந்து நாள் மழையில் நனைந்தும் கால்வாய் அவருக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் மகளைத் தனியே அழைத்தார்.

"பிள்ளை, அம்மாட்டைக் கதை குடுத்து விளக்கம் சொல்ல வைச்சு, வீடியோ எடு. நான் கேட்டதெண்டு மூச்சு விடாதை."

மறுநாள் அருந்ததி சேலையை இழுத்துச் செருகி, படகுக்காரியோடு சேர்ந்து கதவைத் தள்ளினாள்.

"கீழ்க்கதவை அடைக்கிறது. மேல்தண்ணியை மெல்லத் திறக்கிறது. பாத்தி நிரம்ப நிரம்பப் படகும் எழும்பும். பிறகு மேல்கதவு. எங்கடை தோட்டத்து வேலைதான் பிள்ளை!"

சொல்லி முடித்துக் கைபேசியைப் பார்த்துப் புன்னகைத்தாள். "உன்ரை அப்பா கேட்டவர்தானே? வடிவா எடுத்தனியோ? முதல் வாசிகசாலை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பு. பிறகு அவருக்குக் குடு."

மாஸ்டரோ அந்த வீடியோவை இருபது தரம் பார்த்து மனப்பாடம் செய்தார். வாசகரே, இரவல் விளக்கை ஏந்துவோன் அதன் உரிமையாளர் எதிரே வருவார் என்பதை மறத்தலாகாது.

ஊர் திரும்பினார்கள். வாசிகசாலைச் செயலாளர் சிவரூபன் வாசலிலேயே வரவேற்றான்.

"மாஸ்டர், வீடியோவை ஊரே பாத்திட்டுது! அருந்ததி அக்காதான் பேசவேணுமெண்டு எல்லாருக்கும் விருப்பம். அவ செய்துகாட்ட முற்றத்தில ரண்டு பாத்தியும் கட்டியாச்சு."

"அப்ப நான்?"

"உங்களுக்கும் ஒரு பொறுப்பு வைச்சிருக்கிறம்."

அன்று மாலை சபை ஆரவாரித்தது. பாத்தியில் விட்ட கமுகம்பாளைப் படகு பாதி உயரம் எழும்பி நின்றது. அருந்ததி பேச்சை நிறுத்தி, கிணற்றடியை நோக்கிக் குரல் கொடுத்தாள்:

"இஞ்சருங்கோ, தண்ணி காணாது. இன்னும் ரண்டு வாளி!"