கோபமே வரக்கூடாத காலை

“கோபப்படாதீங்கன்னு சொல்றேன்ல!” என்று மனைவி நவமணி கத்தியபோதுதான் பழனியப்பனுக்கு அன்றைய முதல் கோபம் வந்தது.

அவர் பாயான் பாரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி, வருஷக்கணக்காக. மேனேஜர் நூர் முகம்மது அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து, ஆளை வேலையை விட்டே தூக்கப் பார்த்தார்.

டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். “ரத்தத்துல கார்ட்டிசோல்னு ஒன்னு இருக்கு. டென்ஷனானா ஏறும். இந்த அசதி நோய் உள்ளவங்க சில பேருக்குக் கம்மியா இருக்கும். உங்களுக்கும் கம்மின்னா நானே மேனேஜருக்கு எழுதித் தர்றேன். காலைல நிம்மதியா வாங்க.”

அந்த நிம்மதிக்குத்தான் நவமணி பொறுப்பேற்றிருந்தாள்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

“கெரேத்தா கெடக்குது விடுங்க. தம்பிய வரச் சொல்லிட்டேன். நான் பஸ்ஸுல வந்துடுறேன்.”

அவள் தம்பி வாசு மோட்டார் பைக்கோடு வந்தான். நெரிசலைத் தவிர்க்கிறேன் பேர்வழி என்று ஜெலுத்தோங் பசாருக்குள் புகுந்து மீன்கூடை மேல் ஏற்றினான். மீன்காரி ஹொக்கியன் சீனத்தில் திட்டியதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கே விழுந்தது.

“மாமா, டென்ஷன் வேணாம்லா! மூச்ச நல்லா இழுத்து விடுங்க.”

இழுத்தார். மீன் நாற்றம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் அரைமணி அமைதியாக உட்காரச் சொன்னார்கள். அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட நவமணி, பேச்சுத்துணைக்குப் பக்கத்துப் பெரியவரை இழுத்துவிட்டாள். “இதே அசதிதான் தம்பி என் மச்சானுக்கும்” என்று ஆரம்பித்தவர், மச்சானின் கருமாதிச் சாப்பாட்டில்தான் வந்து நின்றார்.

ரத்தம் எடுக்கும்போது பழனியப்பன் கொதித்துக்கொண்டிருந்தார். ஹார்மோன் எகிறியிருக்கும், வேலை போனது போனதுதான் என்று நொந்தே போனார்.

முடிவு வந்தது. குறைவு.

“இவ்வளவு அமளியிலயுமா ஏறல?” என்று டாக்டரே வியந்தார். பழனியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலம் தான் நடிக்கவில்லை என்று தன் ரத்தமே சாட்சி சொல்லிவிட்டதே!

மறுநாள் மேனேஜர் முன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். “சார், என் ஒடம்புல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரொம்பக் கம்மியாம். டாக்டர் எழுதியே கொடுத்துட்டாரு.”

நூர் முகம்மது கடிதத்தைப் பிரித்தார். முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டு, எழுந்து வந்து கைகுலுக்கினார்.

“இந்தக் கம்பெனியிலயே டென்ஷன் இல்லாத ஒரே ஆளு நீங்கதான் பழனி! நாளையிலேருந்து ஜுருவுல இருக்குற நம்ம இன்னொரு ஸ்டோரையும் நீங்களே சேர்த்துப் பாத்துக்குங்க!”