ஒரே சாக்கில் வௌவாலும் ஆமை முட்டையும்

சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அதற்கே பயந்து சேற்றில் விழுந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த நேரம். பகாவ் பக்கம் நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். அடுத்த தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்த மண்டோர் தன் மகள் செல்வியை எனக்குக் கொடுப்பாரா, மாட்டாரா என்பதுதான் அப்போது என் உயிர்ப் பிரச்சினை. மண்டோருக்கு இழுப்பு நோய். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அதற்குப் பழந்தின்னி வௌவால் கறிதான் மருந்து என்பார் அவர். ஆமை முட்டைதான் என்பார் அவர் மனைவி. (இரண்டுமே இன்று அருகி வருகின்றனவாம். அன்று யார் கண்டது?)

இருவரையும் ஒரே நாளில் மடக்கிவிடலாம் என்று சந்தையில் கடலாமை முட்டை வாங்கித் துணியில் முடிந்தேன். வலையில் சிக்கிய வௌவாலை உயிரோடு பிடித்தேன். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினேன். என்னே என் மூளை!

அப்போது தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. கேட்டில் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். மலாய்க் காவலர் சாக்கைத் தடவினார். உருண்டை உருண்டையாக என்னவோ தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று அசைந்தது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“போம்! போம்!” (வெடிகுண்டாம்!)

சாக்கை வீசிவிட்டுச் சேற்றில் குப்புற விழுந்தார். என்னை அழைத்துப்போக வந்திருந்த மண்டோரும் வெள்ளை வேட்டியோடு விழுந்தார். நானும் விழுந்தேன். அதுவும் எங்கே? வீசிய வேகத்தில் சாக்கின் கட்டு அவிழ்ந்து, வெளியே உருண்டு வந்த முட்டை மூட்டையின் மேலேயே!

சாக்கிலிருந்து வௌவால் ஊர்ந்து வந்து கேட் கம்பத்தில் ஏறியது. அதன் மார்பில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பிடிக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

“அடப்பாவி! கைப்புள்ளக்காரியவா சமைக்கக் கொண்டாந்த?” மண்டோர் மூச்சே வாங்காமல் திட்டித் தீர்த்தார்.

அதற்குள் தாய் குட்டியோடு பறந்துவிட்டது.

“பாத்தியாடா? ஆமை முட்டையப் போட்டு மண்ண மூடிட்டுத் திரும்பிப் பாக்காம போயிரும். இவ சாக்குல கட்டினாலும் புள்ளைய விடல. என் பொண்ணக் கட்டினா நீ ஆமையா, வௌவாலா? சொல்லு லா!”

சட்டையெல்லாம் மஞ்சள் கரு வழிய, அதிர்ச்சியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஆமைங்க!”

போச்சு. மண்டோர் திரும்பி நடந்தார். வேலிக்குள்ளிருந்து செல்வியின் குரல் கேட்டது. “பயத்துல ஒளறுதுப்பா அது!”

அந்த ஒரு வார்த்தையால்தான் கல்யாணம் நடந்தது.

மூத்தவள் பிறந்ததும் என்னை நிரூபிக்க அவளை நெஞ்சிலேயே சுமந்து திரிந்தேன். ஒரு நாள் பகாவ் மளிகைக்கடையில் சில்லறை எடுக்க அவளைக் கீழே உட்கார வைத்தவன், சாமானை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். (பிள்ளையோ, கடைக்காரர் மடியில் பன் தின்றுகொண்டிருந்தது.) வீட்டு வாசலில் செல்வி பிள்ளையில்லாத என் நெஞ்சைப் பார்த்தாள்.

“ஆமை வந்துருச்சு. முட்டை எங்க?”

அந்த முட்டைக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். நான் எங்கே போய்விட்டுத் தனியாக வந்தாலும், வாசலில் நின்று இதே கேள்வியை இப்போது அந்த மூத்தவள்தான் கேட்கிறாள்.