சுவரில் ஒட்டிய புரோகிராம்

"என்ன வே, இந்தப் பெட்டிக்குள்ள நீரு என்ன எழுதி வச்சிருக்கீருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கம்ப்யூட்டரைக் காட்டிச் சங்கரசுப்பிரமணியனிடம் கேட்டார் தேவமணி. கேள்வி நியாயமானது, அதுதான் தொல்லை. விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டிய பொதிகையடிக் காலனியில் கூட்டுறவுப் பண்டகசாலைக்குச் செயலாளர் தேர்தல். போன தடவை எதிராளியின் வாக்குச்சீட்டை வாயில் போட்டு மென்று விழுங்கிய மகானுபாவர்கள் உண்டு. அதனால் இந்தத் தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டரில் ஓட்டு என்று முடிவாகியிருந்தது. காலனியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவன் சங்கரசுப்பிரமணியன் ஒருவன்தான். நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தேவமணி. இன்னொருவர் இப்போதைய செயலாளர் தில்லைநாயகம், சங்கரசுப்பிரமணியனின் சொந்த மாமனார்.

மாமனார் ஜெயித்தால், மருமகன் பெட்டிக்குள் கைவைத்துவிட்டான் என்று ஊர் சொல்லும். தோற்றால் வீட்டில் சோறு இறங்காது. இதுவரை ஒருவரும் அவனைத் திருடன் என்று சொன்னதில்லை. அந்தப் பேர் கெடாமல் இந்தத் தேர்தல் முடிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல அண்ணாச்சி. புரோகிராம் முழுசையும் அச்செடுத்துச் சுவத்துல ஒட்டுதேன். யாரு வேணாலும் படிச்சுக்கிடலாம்."

ஒட்டினான். ஓரத்தில் துளை போட்ட நீளநீளத் தாள்கள், பண்டகசாலைச் சுவர் முழுக்க. மண்ணெண்ணெய்க்கு வந்தவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள்.

மறுநாள் மாமனாரே கொதித்துக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ள, ஆம்பளையளுக்கு ஒரு பெட்டி, பொம்பளையளுக்கு ஒரு பெட்டி வச்சிருக்கியளாமே. அங்கன ஒண்ணாம் நம்பர் நான், இங்கன ஒண்ணாம் நம்பர் தேவமணியா?"

உண்மைதான். இரண்டையும் வெவ்வேறு நாளில் எழுதியதால் வந்த வினை. முதல் பெட்டியில் இருந்ததையே ஃபிளாப்பியில் எடுத்து மற்றதிலும் ஏற்றினான். இனி சுவரில் உள்ளதுதான் இரண்டிலும் இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லியும் விட்டான்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. ஓட்டு ஒழுங்காக எண்ணப்படுகிறதா என்று பார்க்கச் சில வரிகள் எழுதியிருந்தான். அவற்றை அழிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, அதுல ரெண்டு மூணு வரி சும்மா கிடக்கு. எடுத்துட்டு வேற தாளு ஒட்டிருதேன்."

"ஒட்டுனது ஒட்டுனதுதான் வே" என்றார் தேவமணி. "ஒரு எழுத்தை மாத்தினாலும் நான் கோர்ட்டுக்குப் போவேன்."

மாமனாரும் ஆமாம் என்று தலையாட்டினார். அவர்கள் இருவரும் வாழ்நாளில் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பெட்டிகள் இருந்த அறைக்கு ஆளுக்கொரு பூட்டும் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு அவன் சுவர்ப் பக்கம் போனால் பேச்சு சட்டென்று நின்றது. சிலர் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். திருடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என நினைத்து மனம் வெந்தான். மாமியார் வடிவம்மாளும் மனைவி விஜயஸ்ரீயும்கூட அங்கே ரொம்ப நேரம் நின்று படித்தார்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

தேர்தலன்று, நடத்துகிறவன் என்பதால் அவன் ஓட்டுப் போடவில்லை. சாயங்காலம் எல்லோர் முன்னாலும் கணக்கைத் திரையில் வரவழைத்தான்.

தில்லைநாயகம், ஒரு ஓட்டு. தேவமணி, ஒன்பது ஓட்டு.

"காலனியே வந்து போட்டுச்சே" என்றார் தேவமணி. "மிச்ச ஓட்டெல்லாம் எங்க வே?"

மிச்சமெல்லாம் திரையின் மூன்றாவது வரியில் இருந்தது. சங்கரசுப்பிரமணியன் அந்த வரியைச் சுட்டிக்காட்டினான்.

"சோதிச்சுப் பாக்க மூணாவதா என் பேரைப் போட்டிருந்தேன். மூணை அமுக்கினா எனக்கு விழும். அதைத்தான் அன்னைக்கு அழிக்கணும்னு கேட்டேன், நீங்க ரெண்டு பேரும் விடல. சத்தியமா நான் திருடல."

தில்லைநாயகம் அவனைக் கவனிக்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஒண்ணா? எனக்கு வீட்டுலயே மூணு ஓட்டு இருக்கே."

வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்த ஒண்ணு நீங்க போட்டது. நாங்கல்லாம் சுவத்தைப் படிச்சிட்டு, உள்ள இருக்கதைத் திறந்து காட்டுன ஆளுக்குப் போட்டோம்."