சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டது

"வாங்கிக்கோ!" என்று பாக்கியநாதன் கத்தினார்.

ஒரு பெண்ணின் அலறல் வீட்டை நிரப்பியது. யாரோ தடாலென்று விழுந்தார்கள். அடுத்த நொடி வாசல் கதவு தட்டப்பட்டது.

பாக்கியநாதன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். கம்ப்யூட்டர் திரையில், அவர் மனைவி ரோசம்மாள் ஆட்டிவைக்கும் இரட்டை ஜடைச் சண்டைக்காரி மல்லாந்து கிடந்தாள். அவருடைய மஞ்சள் பேண்ட் பயில்வான் இரண்டு கைகளையும் தூக்கி நின்றான். மூன்று வாரமாக ஆடுகிற ஆட்டத்தில் அவர் ஜெயித்தது இது இரண்டாவது தடவை. அதைக்கூட நிம்மதியாக அனுபவிக்க விடுகிறார்களா, பாருங்கள்!

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்று கிசுகிசுத்தார்.

"இன்னாங்க, நீங்க ஜெயிச்ச ஒடனே ஆஃப் பண்ணணுமா? ஒக்காருங்க, இன்னொரு ஆட்டம்!" என்றாள் ரோசம்மாள்.

அவரே மானிட்டரை அணைத்து, பூப்போட்ட உறையை இழுத்து மூடி, அதன்மேல் குழந்தை இயேசு சிலையையும் தூக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டுக் கங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப்பக்கம் தும்மினால் அந்தப்பக்கம் சளி பிடிக்கும்.

"இன்னா நைனா சத்தம்?"

"பீரோவ நகத்தினோங்கா."

கங்கம்மா அவரைப் பார்த்தாள். தலைமுடி கலைந்திருந்தது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எட்டி ரோசம்மாளையும் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சரி நைனா," என்று சொல்லிவிட்டுக் கங்கம்மா மெல்லப் படி இறங்கினாள்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. பாக்கியநாதன் அந்தத் தெரு அன்பியத்தின் தலைவர். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் அந்தக் கூட்டத்தில், போன மாதம்தான் 'சமுதாயத்தில் வன்முறை' என்று நாற்பது நிமிடம் பேசியிருந்தார். "கம்ப்யூட்டர் படிப்புக்கு மட்டுந்தான். அதுல சண்ட வெளாட்டு வெளாடறது பாவம். இன்னைக்கு பொம்மைய அடிக்கிறவன் நாளைக்குப் பொஞ்சாதிய அடிப்பான்!" என்று முழங்கியபோது தெருவே தலையாட்டியது. இந்து வீடானாலும், சுண்டலுக்காக வந்திருந்த கங்கம்மாதான் முதலில் கைதட்டினாள்.

கம்ப்யூட்டரும் படிப்புக்கு வந்ததுதான். மகள் ஹெலன் பி.சி.ஏ. படித்தபோது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருபத்தேழாயிரம் ரூபாய்க்குப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தார்கள். ஹெலன் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள். தவணை மட்டும் முடியவில்லை. "மாசா மாசம் பணம் கட்றோம். துணி போட்டு மூடி வெக்கவா வாங்கினோம்?" என்று ரோசம்மாள்தான் ஒருநாள் அதைத் திறந்தாள். உள்ளே அந்தச் சண்டை இருந்தது.

காக்களூர் கம்பெனியில் நாளெல்லாம் போல்ட்டு அளந்து பார்த்துவிட்டு வரும் மனிதருக்கும், நாளெல்லாம் சட்டைக்குப் பட்டன் தைக்கிற மனைவிக்கும் ஒரே கீபோர்டில் ஆளுக்கொரு பக்கம் கை வைத்து அடித்துக்கொள்வது தேனாக இனித்தது. ஆட்டத்தில் மரியாதை கிடையாது. "எழுந்திருடா டேய்!" என்று ரோசம்மாள் கத்தினால் அது பயில்வானுக்கு என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம். கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் அவர்கள் இப்படிச் சேர்ந்து சிரித்ததே இல்லை.

மறுநாள் காலை, திருநின்றவூரிலிருந்து திருவள்ளூர் போகும் ரயிலில் வழக்கமான அரட்டைக்காகத் தொண்டையைச் செருமினார் பாக்கியநாதன். வெங்காய விலையில் ஆரம்பித்து நாடு கெட்டுப்போனதில் முடிப்பது அவர் வழக்கம். அன்று யாரும் காது கொடுக்கவில்லை. பஜாரில் கடை வைத்திருக்கும் அசன் முகைதீன் பாய் மட்டும் நெருங்கி உட்கார்ந்தார். கங்கம்மாவின் வீட்டுக்காரரும் இதே பெட்டியில்தான் போகிறவர். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாக்கியம், தப்பா எடுத்துக்காத. சண்ட இல்லாத ஊடு எங்க கீது? ஆனா கை நீட்டற அளவுக்குப் போவக் கூடாது," என்றார் பாய்.

"பாய், இன்னா சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தா, தைலம். சூடு பறக்கத் தேச்சா காலையில வீக்கம் வடிஞ்சிடும்."

பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுத் திருவள்ளூரில் பாய் இறங்கிப் போய்விட்டார். பாக்கியநாதன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தைலம்! ரோசம்மாளுக்குத் தேய்க்கத் தைலம்! தான் பெண்டாட்டியை அடிப்பதாக ஊர் நினைக்கிறது. தன் வாயால் தெருவுக்குச் சொன்னது தன் தலையிலேயே விடிந்துவிட்டது.

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து ஹெலனைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் ஸ்டீபன் இரும்புக் கம்பெனியில் வேலை. ஹெலன் அவன் போட்டோவைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கு தடவை பைபிள் படித்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் தெருவில் விசாரிக்காமல் உள்ளே நுழைவார்களா? பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள்?

"பேஜாரா பூடுச்சே ரோசா!" என்று வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"அப்ப கம்ப்யூட்டர்னு சொல்லிடுங்க."

"தலைவர்னு சொல்லிக்கினு நாப்பது நிமிஷம் பேசினவன் எப்பிடிச் சொல்றது? ஊரே காறித் துப்பும். வேற வழி கீது. நான் உன்ன எவ்ளோ நல்லா வெச்சிக்கிறேன்னு தெருவுக்குக் காட்டிடறேன்!"

அன்று மாலை தண்ணீர் லாரி வந்தபோது, நான்கு குடங்களையும் தானே தூக்கிக்கொண்டு போனார். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "நீ மொதல்ல புடிச்சிக்கினு போ நைனா. ஊட்ல லேட்டாவப் போவுது," என்று கங்கம்மா வழிவிட்டாள். பாக்கியநாதன் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் மொட்டை மாடியில் ரோசம்மாளின் புடவைகளை உதறி உதறிக் காயப்போட்டார். தெருவில் போன ஆண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். 'ஆம்பளைங்களுக்கே என் மூஞ்சிய பாக்கப் புடிக்கல' என்று அவர் நொந்துபோனார்.

வியாழக்கிழமை மூன்று முழம் மல்லிகையோடு வந்தார். கங்கம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ரோசம்மாளை வாசலுக்குக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் பூவை நீட்டினார்.

"ரோசா, நான் உன் மனசு கோணாம தானே நடந்துக்கறேன்? அக்கா கிட்ட சொல்லு. சொல்லும்மா!"

"கொத்தமல்லி வாங்கினு வாங்கன்னா பூவ வாங்கினு வந்து நிக்கிறீங்க! விக்கிற வெலையில மூணு மொழம் யாரு கேட்டா? போங்க உள்ள!"

பாக்கியநாதன் உள்ளே போனார். கங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோசாவுக்காகத்தான் அழுகிறாள் என்று ஜன்னல் வழியே பார்த்த அவர் நினைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் ஆட்டத்தை அவர்கள் நிறுத்தவில்லை. நிறுத்திப் பார்த்தார்கள்; ஒருநாள் தாங்கவில்லை. கடைசியில் பாக்கியநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டால் அலறல் எப்படி வெளியே கேட்கும்? பிடுங்கினார்.

கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டது. இவர்கள் மூடவில்லை. இத்தனை நாள் பின்னணி இசையும் உறுமலும் இவர்கள் போட்ட கூச்சலைப் பாதி விழுங்கிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. "இன்னிக்கி ஒன்ன உடமாட்டேன்!" என்று ஒரு குரலும், "அய்யோ சேசுவே!" என்று ஒரு குரலும் ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டித் துல்லியமாகப் போயின. அந்தப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சீரியல் சட்டென்று நின்றது. யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார்கள்!

"போச்சு!" என்று பாக்கியநாதன் தலையில் கை வைத்தார். "இந்தச் சனியன கடைசி ரூமுக்குத் தூக்கிடறேன்."

சனிக்கிழமை மானிட்டரைத் தூக்கினார். அந்தக் காலத்து மானிட்டர், இட்லிக் குண்டானைவிடக் கனம். நிலைப்படியில் கால் தடுக்கி, மானிட்டரைக் காப்பாற்றி, வலது கையைப் பலி கொடுத்தார். பொருளுக்குச் சேதமில்லை, தவணை பாக்கியிருக்கும் பொருள் அல்லவா! மணிக்கட்டுதான் பூரியாக உப்பியது. புத்தூர் கட்டுப் போடுகிறவர், சின்னச் சுளுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே விரலிலிருந்து முழங்கை வரை மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம பாத்து இதுவும் வேணுமா?" என்று ஹெலன் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"அடிச்சி அடிச்சி கையே ஒடஞ்சி போச்சின்னு சொல்லப் போறாங்கடி!" என்று பாக்கியநாதனும் கூடச் சேர்ந்து அழுதார். 'சாட்சி வேண்டுமா, இந்தா' என்று தானே கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற குற்றவாளி உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

ஞாயிறு பூசை முடிந்து பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பையனின் அம்மா பிலோமினா. வாட்டசாட்டமான பெண்மணி, கணீரென்ற குரல். பின்னால் ஸ்டீபன். கடைசியாக, பழத்தட்டைச் சுமந்துகொண்டு பையனின் அப்பா அப்பாவு. பயந்த மாதிரியே நடக்கிற ஒல்லி மனிதர்.

பாக்கியநாதன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். எது நடக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாரோ அதுவே நடந்தது. பிலோமினா நேரே கங்கம்மா வாசலுக்குப் போனார். பேச்சு பத்து நிமிடம் நீண்டது. கங்கம்மா சுவரைக் காட்டினாள், கையை ஓங்கிக் காட்டினாள், கண்ணைத் துடைத்தாள். அப்பாவு பழத்தட்டோடு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ரோசம்மாள் காபி கொண்டுவந்தாள். யாரும் டம்ளரைத் தொடவில்லை. ஆறு கண்களும் கட்டுப் போட்ட கையிலேயே இருந்தன.

"கையில இன்னா?" என்றார் பிலோமினா.

அதற்குமேல் பாக்கியநாதனால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, நான் ஊட்ல கை நீட்றவன் இல்லம்மா! சத்தியமா இல்ல! எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்! சண்ட வெளாட்டு! பாவம்னு ஊருக்குச் சொல்லிட்டு நானே திருட்டுத்தனமா ஆடினேன். அந்தச் சத்தம்தான் தெருவுக்கே கேட்டுச்சி. என் மானம் போனாப் போவட்டும், என் பொண்ண வேணாம்னு சொல்லிடாதீங்க!"

பிலோமினா புருவத்தை உயர்த்தினார். "எங்க, ஆடிக் காட்டுங்க பாக்கலாம்."

கடைசி ரூமுக்குப் போய்ச் சேராத கம்ப்யூட்டர் திறக்கப்பட்டது. ஸ்பீக்கர் வயர் செருகப்பட்டது. பாக்கியநாதன் இடது கையால் ஆடினார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்றுகூட இரக்கம் காட்டாமல், ரோசம்மாள் அவருடைய பயில்வானை அரை நிமிடத்தில் துவைத்துக் காயப்போட்டாள். "எழுந்திருடா டேய்!" என்று கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிலோமினாதான் முதலில் சிரித்தார். சிரித்த சிரிப்பில் டீப்பாய் மேலிருந்த காபி டம்ளர் ஆடியது.

"ஹெலன் ஆடுவாங்களா?" என்று ஸ்டீபன் கூச்சத்தோடு கேட்டான். ஹெலன் ஆடினாள். ஐந்து ஆட்டத்தில் ஐந்திலும் அவனைத் தோற்கடித்தாள். ஆறாவதிலும் தோற்க அவன் தயாராகவே இருந்தான் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆறிப்போன காபியை எல்லோரும் ஒரே மடக்கில் குடித்தார்கள்.

"சாமியார பாத்து மூணு வாரமும் பூசையில கல்யாண ஓல வாசிக்கச் சொல்லிடுங்க. மே மாசமே கல்யாணம்," என்று பிலோமினா தீர்ப்புச் சொன்னார்.

பாக்கியநாதனுக்கு ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. ரோசம்மாள் கண்கலங்கினாள். ஹெலன் உள்ளே ஓடினாள், பைபிள் படிக்க.

வழியனுப்ப எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பிலோமினாவும் ஸ்டீபனும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத அப்பாவு, செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினார். ஆட்டோ பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பாக்கியநாதனின் கட்டில்லாத கையை இரண்டு கைகளாலும் பற்றி, காதோரம் குனிந்தார்.

"உங்க ஊட்டம்மா உங்கள தெனம் போட்டு அடிக்கறாங்கன்னு தெருவே சொல்லிச்சு சம்பந்தி. கம்ப்யூட்டருன்னு சொல்லிச் சமாளிச்சீங்க பாருங்க, அது நல்ல ஐடியா. நான் இருவத்தஞ்சு வருசமா பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன்னே சொல்லிக்கினு கீறேன்."