இல்லாத பிரேக்கை மிதித்த தங்கச்சி

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது என் தங்கச்சி கலா. இதை வெளியே சொல்லவே எனக்குப் பல வருஷம் பிடித்தது. (அண்ணன் என்கிற கெத்து ஒன்று இருக்கிறதே!) அவள் எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில், ஒரு டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் அடிக்கும் கூத்துக்கெல்லாம் அதுதான் காவல்.

நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்து, புதுக் கார் வாங்கி, பூசைக்குக் கோயில் வளாகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் கலா. எதிரே அன்னதான வேன், பின்கதவு திறந்து, சாம்பார் அண்டாவோடு நின்றது. குருக்கள் நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஒதுங்கி, "மெதுவா எடுங்க" என்றார்.

பழம் சடக்கென்று நசுங்கியது. குருக்கள் காலில்தான் ஏற்றிவிட்டேன் என்று பதறிப்போனேன். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். (பிரேக் என்றுதான் நினைத்தேன்.) கார் பாய்ந்தது.

"அண்ணே, பிரேக்லா!" என்று கத்திய கலா, பழக்கதோஷத்தில் தன் பக்கத்துப் பிரேக்கைப் பலம்கொண்ட மட்டும் மிதித்தாள். என் காரில் அங்கே ஏது பிரேக்? வெறும் தரை. அதே நொடியில் வேனில் மோதினோம். பானெட் முழுக்கச் சாம்பார். வைப்பரில் ஒரு முருங்கைக்காய். குருக்கள் காலுக்கு ஒன்றுமில்லை. கலாவின் கணுக்கால்தான் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரேக் மிதித்துப் பிழைக்கிற கால் ஆயிற்றே! "உன் வேலை என்னாகும் கலா? சத்தியமா இனி ஸ்டீரிங்கையே தொடமாட்டேன்" என்றேன். வேன்காரர் ஓடிவந்து, "நகருங்க தம்பி, ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டுறேன்" என்றார்.

கலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம் அங்கிள். எங்க அண்ணனே ஓட்டட்டும். இப்ப எறங்குனா அப்புறம் எப்பவுமே ஏற மாட்டாரு." என் பக்கம் திரும்பினாள். "மொதல்ல வைப்பர போடுண்ணே. கண்ணாடிய பாரு. ரிவர்ஸ்."

முகம் வெளுத்துப்போயும், ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு டிராபிக் லைட்டிலும் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். அப்பப்பா, அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது! எலும்பு முறிவு. மாவுக்கட்டைப் பிரித்து, அவள் மறுபடி பயிற்சிக் காரில் பிரேக்கை மிதிக்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றும் என் காரில் ஏறுகிற சொந்தக்காரர்கள், பெல்ட்டைப் போட்டதும் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் மடக்கிக்கொள்கிறார்கள். "எதுக்கும் இருக்கட்டும்லா" என்று சிரிப்பு வேறு. கலா மட்டும்தான் காலை நீட்டி உட்காருவாள். தீவைவிட்டு அக்கரைக்குப் போகும் பாலம் ஏறுவதற்குள் தூங்கியும் போவாள்.