அன்னத்தின் தலைக்கு மேல் நான் போட்ட ஓட்டை

நான் இன்ஜினியர்தான்; ஆனால் கம்ப்யூட்டருக்கு. இதன் பின்பாதியை மாமனார் ஊரில் அழுத்திச் சொல்லாமல் விட்டது என் தப்பு. "எங்க மாப்ள இன்ஜினியருங்க" என்று அவர் யாரிடமாவது சொன்னால், மறுக்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

மாமனார் மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போடுகிறவர். புது வீடு கட்டினார். அவர் உயிரை வைத்திருந்தது ஹாலில் அல்ல, பாத்ரூமில். ஓசூர் வரை போய், கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டு அன்னப்பறவைகள் மூக்கோடு மூக்கு உரசும் படம் போட்ட டைல்ஸ் ஒன்று வாங்கி வந்திருந்தார். அந்தக் கடையில் அதுதான் கடைசி. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம்.

அதைச் சுவரில் பதித்தாயிற்று; விடிந்தால் கிரகப்பிரவேசம். துண்டு போடும் கம்பி மாட்டுவது ஒன்றுதான் பாக்கி. பிளம்பர் பாய் அன்னங்களின் தலைக்கு மேலே பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, "சாப்ட்டுட்டு வந்து போட்டுர்றேங்க, மெஷினத் தொடாதீங்க" என்று போனார்.

மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்ள, ரெண்டே ஓட்டைதான். நீங்க போட்டுற மாட்டீங்களா?"

என் மனைவி சுமதி குறுக்கே வந்தாள். "அப்பா, இவரு எங்க வூட்ல காலண்டருக்கு ஆணிகூட அடிச்சதில்ல."

அவ்வளவுதான், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (அவள் சும்மா இருந்திருந்தால் அன்னம் பிழைத்திருக்கும். இதை அவளிடம் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.)

செல்போனில் ஒரு வீடியோவைப் பாதி வரை பார்த்தேன். துளைபோடும் பிட் வழுக்காமலிருக்க டேப் ஒட்டினேன். டிரில்லிங் மெஷினை வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டியும் டைல்ஸில் ஒரு கீறல்கூட விழவில்லை. பின்னால் மாமனார், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் இருவர். எல்லாரும் கைகட்டி நின்றார்கள். மெஷினில் சுத்தியல் படம் போட்ட ஒரு திருகு தெரிந்தது. சுத்தியல் என்றால் பலம் என்று நானே முடிவுசெய்து, அதைத் திருப்பிவிட்டு, உடம்பு மொத்தத்தையும் சாய்த்து அழுத்தினேன்.

ஓட்டை விழுந்தது. கூடவே 'டப்' என்று ஒரு சத்தம். விரிசல் அங்கிருந்து கிளம்பி, இடது அன்னத்தின் கழுத்தை வெட்டிக்கொண்டு கீழே வரை போய் நின்றது.

மாமனார் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "பரவால்ல வுடுங்க மாப்ள" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதற்குத்தான் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்த பாய் தலையில் கைவைத்தார். "ஹேமர்ல போட்டீங்களா சார்? டைல்ஸ மெதுவா, தண்ணி வுட்டு வுட்டு ஓட்டணும். அதத் தாண்டி செவுரு வந்தப்பறந்தான் ஹேமருங்க." (வீடியோவின் மறுபாதியில் இது இருந்ததாம்.)

மறுநாள் காலை உறவுகள் வரத் தொடங்கின. பயந்துகொண்டே பாத்ரூமை எட்டிப் பார்த்தேன். வாசலில் மாட்ட வாங்கிய கண் திருஷ்டிப் படம், முட்டைக் கண்ணும் தொங்கும் நாக்குமாக, அன்னங்களை மறைத்துக்கொண்டு தொங்கியது. நான் போட்ட அதே ஓட்டையில்தான் மாட்டியிருந்தார் மாமனார்.

"என்னங்கண்ணா, இதப் போயி பாத்ரூம்ல மாட்டியிருக்கீங்க?" என்றார் ஒரு பங்காளி வீட்டு அம்மா.

மாமனார் கண் இமைக்கவில்லை. "வர்றவங்க எல்லாம் இந்த ரூம் மேலதானே கண்ணு வெக்கறாங்க! அதான் மாப்ள யோசன பண்ணி மாட்டச் சொன்னாரு. இன்ஜினியருங்க."

இன்றைக்கு அந்த ஊரில் இன்னும் மூன்று புது வீட்டு பாத்ரூம்களில் திருஷ்டிப் படம் தொங்குகிறது. போன மாதம்கூட ஒருவர், அதை எந்தத் திசை பார்த்து மாட்ட வேண்டுமென்று என்னிடமே யோசனை கேட்டு போன் செய்தார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் சுமதி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எந்தத் திசையில வேணா மாட்டுங்கண்ணா. ஓட்டைய மட்டும் வேற ஆள வுட்டுப் போடுங்க."