சம்பளமாக வந்த சம்படங்கள்

அம்மாதச் சம்பளத்தை ஆட்டோவிலிருந்து இறக்கிவைக்கச் சிவராமனுக்கு ஓட்டுநரின் உதவியும் தேவைப்பட்டது.

"மூணு மூட்டையிலயும் எவர்சில்வர் டப்பாவா?" என்று மனைவி அகல்யா பிரித்துப் பார்த்தாள். "பணம் எங்கங்க?"

"வித்தா வந்துடும்னு முதலாளி சொல்றாரு."

சிவராமன், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சம்படத் தொழிற்சாலையொன்றின் விற்பனை அலுவலர். கிரகப்பிரவேசம், வளைகாப்பு என்று எல்லாவற்றுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டாகச் சம்படங்கள் பறந்த காலத்தில், முதலாளி பக்தவத்சலம் இரண்டாம் ஷிஃப்ட்டைத் தொடங்கினார். பெற்றுக்கொண்டவர்களோ அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல், அடுத்த விசேஷத்தில் வேறொருவருக்கு அளித்தார்கள். சம்படங்கள் ஊரைச் சுற்றின. கடைச் சரக்கு மட்டும் நகரவில்லை.

சிவராமன் மிகுந்த தயக்கத்துடன் பக்கத்து ஃபிளாட் கதவைத் தட்டினார். முகமது இஸ்மாயில் பேரம் பேசாமல் முப்பது வாங்கிக்கொண்டார்.

"பையனுக்கு பர்த்டே. குடும்பத்தோட வந்துடணும் சார்!"

வாங்கிய ஒவ்வொருவரும் மரியாதைக்கு அழைத்தார்கள். மரியாதைக்கு இவரும் சென்றார். மாத இறுதியில் மூட்டை நான்காகியிருந்தது.

"இன்னும் ரெண்டு விசேஷத்துக்குப் போனா, நாம படுக்க எடம் இருக்காது," என்றாள் அகல்யா.

மறுநாள் சிவராமன் முதலாளியிடம், "உற்பத்தியைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா சார்?" என்று பணிவுடன் கேட்டார்.

"குறைச்சா அடக்க விலை ஏறிடும்யா. கூட்டணும்! உள்ளூர்ல எடம் இல்லேன்னா வெளிநாட்டுல தேடு. ஆர்டர் புடிச்சா காசா சம்பளம். இல்லேன்னா இந்த மாசமும் டப்பாதான்."

சிவராமன் பல நாடுகளுக்குப் பணிவன்புடன் மின்னஞ்சல் அனுப்பினார். பெரும்பாலான நாடுகள், தத்தம் சம்படங்களின் விலைப்பட்டியலைப் பதிலாக அனுப்பின. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் மட்டும் ஐயாயிரம் சம்படங்களுக்கு முன்பணமே அனுப்பிவிட்டார். இறக்குமிடத்தை லாரி ஓட்டுநரிடம் தாமே போனில் சொல்லிக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

முதலாளி லாரிக்குப் பூசணிக்காய் உடைத்தார். முன்பணம் முழுவதற்கும் புதிய தகடு வாங்கி, மூன்றாம் ஷிஃப்ட்டையும் தொடங்கினார்.

"மீதிப் பணம் வந்ததும் உனக்குக் காசுய்யா! இனிமே உலகமே நம்ம சந்தை!"

காலையில் புறப்பட்ட லாரி, மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட்டது.

"அதுக்குள்ள ஹார்பர்ல இறக்கியாச்சா?" என்று வியந்தார் சிவராமன்.

ஓட்டுநர் டில்லிபாபு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சார் ஹார்பரு? குமணன்சாவடி கல்யாண மண்டபத்துலதான் எறக்கிகினு வரேன். சிங்கப்பூர்க்காரு பொண்ணுக்கு அங்கதான் கண்ணாலம். ஆளு கம்மி, டப்பா ஜாஸ்தியாப் பூட்ச்சாம். மீதிக் காசுக்குப் பதிலா, கம்பெனி ஆளுங்க அத்தினி பேரும் வந்து ஆளுக்கொரு மூட்ட எட்த்துகினு போவ சொன்னாரு."